டாலரில் கடவுள், உண்டியலில் டாலர்

பழனி மலைக்கோயில் உண்டியல் எண்ணிக்கை பற்றி நாளிதழில் வரும் செய்தியின் அமைப்பு மாறுவதே இல்லை. ரொக்கம் இவ்வளவு, தங்கம் இத்தனை கிராம், வெள்ளி இத்தனை கிலோ, கடைசியில் வெளிநாட்டு கரன்சி நோட்டுகள் இத்தனை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் போட்டதோடு அமெரிக்க டாலரும் அதில் கிடக்கும். கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தபோது கொடுத்த நோட்டை, அம்மா மஞ்சள் துணியில் முடிந்துவைத்திருந்து, வேண்டுதல் பலித்ததும் மலையேறி வந்து போட்டிருப்பார். கார்த்திகை மண்டபத்தில் கல்லூரிப் பிள்ளைகளும் வங்கி ஊழியர்களும் வரிசையாக உட்கார்ந்து பிரிக்கும் குவியலில் அப்படி ஒரு ஒற்றை டாலர் சிக்கினால், அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மஞ்சள் கறைக்கு அடியில், 'ஒன்று' என்ற பெரிய எழுத்துகளுக்கு மேலே, 'கடவுளை நம்புகிறோம்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். பக்கத்தில் ஒரு பிரமிடு, அதன் உச்சியில் ஒற்றைக் கண். நெற்றிக்கண் என்று எடுத்துக்கொள்வது அவரவர் விருப்பம்.

எந்தக் கடவுள் என்று நோட்டு சொல்லவில்லை. சொல்லாததில்தான் விஷயமே இருக்கிறது. தேதியைக் குறிக்கும் சம்பிரதாயச் சொல்லை விட்டுவிட்டால், அமெரிக்க அரசியல் சட்டத்தில் கடவுளின் பெயர் எங்கும் வராது. எந்த மதத்தையும் அரசு நிலைநாட்டக் கூடாது என்பதுதான் அதன் முதல் திருத்தத்தின் முதல் வரி. அப்படிப்பட்ட நாடு பணத்தில் மட்டும் ஏன் சாமி பெயரைப் போட்டது? அந்த ஊர் வரலாற்றையும் நம் ஊர் வரலாற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: அரசுக்குத் தன் மேலேயே நம்பிக்கை ஆட்டம் காணும்போதுதான் காசில் கடவுள் ஏறுகிறார். அவரை இறக்கிவிட்டவர்களில் சிலரோ, ஏற்றியவர்களுக்குப் பக்தியில் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை.

1861 நவம்பர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கி ஏழு மாதம். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய்விட்டன. பென்சில்வேனியாவில் ரிட்லிவில் என்ற சிற்றூரைச் சேர்ந்த வாட்கின்சன் என்ற பாதிரியார், கருவூலச் செயலாளர் சால்மன் சேஸுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவர் சொன்ன காரணம் விசித்திரமானது. நம் குடியரசு சிதறிப்போய்விட்டது என்று வையுங்கள். பல நூற்றாண்டுகள் கழித்து நம் காசுகளைத் தோண்டியெடுக்கும் ஆராய்ச்சியாளர்கள், இவர்கள் கடவுளை அறியாத கூட்டம் என்றல்லவா முடிவு கட்டுவார்கள்? தோற்றுப்போவோமோ என்ற பயம் அப்பட்டமாகத் தெரிகிற கடிதம். தன் நாடு புதைபொருளாகிவிடும் என்று நினைக்கிற ஒருவர்தான் காசில் கடவுள் வேண்டும் என்று முதலில் கேட்டார். ஒருவிதத்தில் அவர் கணக்கு சரிதான். குஷாண அரசர் கனிஷ்கர் புத்தரையும் சிவனையும் ஈரானியத் தெய்வங்களையும் வணங்கினார் என்று நமக்குச் சொல்வது அவர் காசுகள்தானே.

சேஸ் ஒரே வாரத்தில் நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் போலக்குக்கு எழுதினார்: கடவுளின் பலமின்றி எந்த நாடும் பலமாக இருக்க முடியாது, வாசகம் ஒன்று தயார் செய்யுங்கள். இரண்டு வருடம் பல வாசகங்கள் வந்துபோயின. 1863 டிசம்பரில் சேஸே திருத்தி இறுதி வடிவம் கொடுத்தார். 1864இல் வெளிவந்த 2 சென்ட் வெண்கலக் காசில்தான் அது முதலில் ஏறியது.

பாடப்புத்தகத்தில் இத்தோடு முடித்துவிடுவார்கள். அதே சேஸ் அதே நேரத்தில் செய்த இன்னொரு வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போர்ச் செலவு தாங்காமல் 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. 1862 பிப்ரவரியில், தங்கமாக மாற்றித் தருவதாக எந்த உறுதியும் இல்லாத காகிதப் பணத்தை அரசே அடித்து இறக்கியது. பின்பக்கம் பச்சை மையில் இருந்ததால் 'கிரீன்பேக்' என்று பெயர். மக்கள் விவரமானவர்கள், தங்கம், வெள்ளி, கடைசியில் செம்புக் காசைக்கூடப் பதுக்கிவிட்டார்கள். சில்லறைத் தட்டுப்பாட்டில் கடைக்காரர்கள் தபால்தலையைச் சில்லறையாகக் கொடுத்தார்கள், சொந்தமாக டோக்கன் அடித்துக்கொண்டார்கள். பதுக்கி வைக்கத் தோன்றாத மலிவான உலோகத்தில் சில்லறை வேண்டும் என்றுதான் அந்த 2 சென்ட் காசே வந்தது. அரசின் வாக்கை யாரும் நம்பாத வேளையில், கடவுளை நம்புகிறோம் என்று எழுதிய காசு கைக்கு வந்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1862இன் ஒரு டாலர் கிரீன்பேக்கில் சேஸ் போட்ட படம் அவருடையதே. காசில் கடவுள், நோட்டில் சேஸ். பிற்பாடு அவர் தலைமை நீதிபதி ஆனார். 1870இல், போருக்கு முன் வாங்கிய கடனை அந்த நோட்டில் அடைப்பது செல்லாது என்று, தான் இறக்கிய நோட்டுக்கு எதிராகத் தானே தீர்ப்பு எழுதினார். அடுத்த ஆண்டே நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது.

அமெரிக்கப் பாதிரியார் என்றதும் பழனி மலைத்தொடர்க்காரர்களுக்குக் கொடைக்கானல் நினைவுக்கு வரும். மற்ற மலைவாசஸ்தலங்களைப் போல வெள்ளைக்கார அதிகாரிகள் தொடங்கிவைத்த ஊர் அல்ல அது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள், கீழே காய்ச்சலிலும் காலராவிலும் ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845இல் மேலே வந்து இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். பெரியகுளம் பக்கமிருந்து ஏறும் பாதையில் அவர்களையும் அவர்கள் மூட்டை முடிச்சையும் தூக்கிவந்தவர்களுக்குக் கொடுத்த கூலி கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயாகத்தான் இருந்திருக்கும். 1835 முதல் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய். அதில் ராஜா ராணி தலை மட்டும், சாமி கிடையாது. முப்பது வருடம் முன்பே வந்திருந்தால், ஏக இறைவனைப் பிரசங்கிக்க வந்தவர்கள் விஷ்ணு உருவம் போட்ட வராகன் என்ற பொற்காசில் கணக்கு எழுதியிருப்பார்கள்.

அந்த வராகன் கதைதான் எனக்கு டாலர் கதையைவிடச் சுவாரஸ்யமாகப் படுகிறது. பழனியும் திண்டுக்கல் சீமையும் 1792 ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்தில் கம்பெனி கைக்குப் போகும்வரை மைசூரின் கீழ் இருந்தவை. ஹைதர் அலி தலையெடுத்த இடமே திண்டுக்கல்தான்; 1755இல் இங்கே ஃபவுஜ்தாராக, அதாவது படைத் தலைவராக, வந்தார். அவர் பேரில் அடித்த பொன் வராகனின் ஒரு பக்கத்தில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். மறுபக்கத்தில் ஹைதரின் பெயரைக் குறிக்கும் ஒற்றைப் பாரசீக எழுத்து. இக்கேரி நாயக்கர்களைத் தோற்கடித்து அவர்கள் நாணயச்சாலையைப் பிடித்தபோது, அங்கே அடித்துவந்த சிவ-பார்வதி உருவத்தை அவர் அப்படியே தொடரவிட்டார். மகன் திப்பு உருவத்தை எடுத்துவிட்டார், ஆனால் அப்பாவின் எழுத்தை விடவில்லை.

சென்னையில் கம்பெனிக்காரர்கள் செய்ததும் இதுவே. புனித ஜார்ஜ் கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போனவர்கள், தங்கசாலையில் விஷ்ணு உருவம் போட்ட பொன் வராகன் அடித்தார்கள். பின்பக்கம் நட்சத்திரம் இருந்ததால் அதற்கு நட்சத்திர வராகன் என்று பேர். வேங்கடவனை இரு தேவியரோடு நிற்கவைத்து 'மூன்று சாமி வராகன்' கூட அடித்தார்கள். 1807 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகன், கால் வராகனில் ஒரு பக்கம் அடுக்கடுக்காகக் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் விஷ்ணு, ஓரத்தில் தமிழிலும் தெலுங்கிலும் காசின் மதிப்பு. லண்டனில் பங்குதாரர்கள் இதைப் பார்த்து மனம் புண்பட்டிருந்தாலும் லாபக்கணக்கு அவர்களைத் தேற்றியிருக்கும்.

ஏன் அப்படி அடித்தார்கள் என்று கேட்டால் விடை சந்தையில் இருக்கிறது. வராகனை வாங்குகிற செட்டியாரும் நெசவாளியும் அதில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. உருவம் பழகியதா, எடை சரியா, உரசினால் மாற்று சரியா, அவ்வளவுதான். விஜயநகரக் காலத்திலிருந்து கைக்குப் பழகிய சாமி உருவம் மாறினால் வட்டம் பிடிப்பார்கள், அதாவது மதிப்பைக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஹைதருக்குச் சிவன் மேலும் கம்பெனிக்கு விஷ்ணு மேலும் திடீர் பக்தி வந்துவிடவில்லை. புதிதாக வந்த ஆட்சியை ஊர் நம்பவில்லை. ஊர் நம்புகிற முகம் ஒன்று தேவைப்பட்டது. ஆட்சி வேர்பிடித்த பிறகு, 1818இல் சென்னை மாகாணம் 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்கு வைத்து வெள்ளி ரூபாய்க்கு மாறியபோது, சாமியும் காசிலிருந்து இறங்கிவிட்டார். கேட்பாரில்லை.

திருவிழாக் கடைகளில் 'கம்பெனி காலத்து ராமர் காசு' என்று விற்பார்களே, ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 1818 என்று ஆண்டு போட்டது, அதை வாங்கிவிடாதீர்கள். அப்படி ஒரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றுகிறவர்களுக்கும் இதுதான் மூலதனம். நிஜமாகவே விஷ்ணுவைப் போட்டு அடித்த காசை யாருக்கும் தெரியவில்லை, போலி ராமர் காசை எல்லோருக்கும் தெரிகிறது.

இங்கிலாந்திலோ காசில் கடவுள் வேறு வேலை பார்த்தார். 'கடவுளின் அருளால் அரசர்' என்பதன் லத்தீன் சுருக்கம் அவர்கள் காசில் எப்போதும் உண்டு. கூடவே 'விசுவாசத்தின் காவலர்' என்ற பட்டமும்; 1521இல் போப் எட்டாம் ஹென்றிக்குக் கொடுத்தது. ஹென்றி பின்னால் அந்தப் போப்பாண்டவரின் சபையையே உதறினார், பட்டத்தை மட்டும் உதறவில்லை. 1849இல் விக்டோரியாவின் புது ஃப்ளோரின் காசில் இவை விட்டுப்போனதும் பெரிய ரகளை. 'கடவுளில்லாக் காசு' என்று பெயர் வைத்தார்கள். அந்த வருடம் பரவிய காலராவுக்கே அதுதான் காரணம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அடுத்து வந்த ஃப்ளோரினில் கடவுள் திரும்பிவிட்டார். ஆனால் அதே விக்டோரியாவின் தலை போட்டு இந்தியாவுக்கு அடித்த ரூபாயில் 'ராணி', பிறகு 'பேரரசி' என்பதோடு சரி; கடவுளின் அருள் கிடையாது. இந்தியாவில் அருள் பாலிக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. அப்படி ஜாக்கிரதையாக இருந்தும் 1911இல் மாட்டிக்கொண்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த யானை, தும்பிக்கை குட்டையாகிப் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்கள் கொதித்தெழ, காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையை யானையாகவே தெரியும்படி திருத்தி அடித்தார்கள். அந்த 1911 ரூபாயை நாணயம் சேர்ப்பவர்கள் இன்றும் 'பன்றி ரூபாய்' என்றே சொல்கிறார்கள்.

கடவுளைக் காசிலிருந்து இறக்கியவர்களில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம். ஒருவர் ஔரங்கசீப். பட்டத்துக்கு வந்ததும், முகலாயக் காசுகளில் இருந்த, இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியான கலிமாவை எடுக்கச் சொன்னார். காசு கண்டவர் கையிலும் புழங்கும், காலடியிலும் விழும், புனித வாசகம் அப்படி மாசுபடக் கூடாது என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக ஏறியது காசை நிலவோடு ஒப்பிட்டு அவரைப் புகழும் ஒரு பாரசீக ஈரடி என்பது தனிக்கதை.

இன்னொருவர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1907இல் சிற்பி செயின்ட் காடன்ஸ் வடித்த புதிய தங்கக் காசுகளில் அந்த வாசகத்தை அவர் போடவிடவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் எழுதிய பதிலின் சாரம் இது: இவ்வளவு உயர்ந்த வாசகத்தைக் காசில் போடுவது பயன் தராது, கெடுதல்தான் செய்யும், இது தெய்வ நிந்தனைக்குப் பக்கத்தில் வருகிறது, நீதிமன்றத்தில், பொதுக் கட்டடத்தில் பொறியுங்கள், காசிலும் தபால்தலையிலும் விளம்பரத்திலும் வேண்டாம். ஆதாரமாக அவர் காட்டியது ஊரில் உலவிய கிண்டல்களை. வெள்ளி டாலரில் முகமதிப்புக்கு ஏற்ற வெள்ளி இல்லை என்று அரசியல் சண்டை நடந்த காலம். குறைகிற சென்டுகளுக்குக் கடவுளை நம்புகிறோம் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள். நம் ஊர் டீக்கடையில் மேலே ஊதுபத்தி மணக்கும் சாமி படம், கீழே 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்குமே, அந்த இரண்டையும் ஒரே சட்டத்தில் மாட்டியது போன்ற வாசகம் என்று ஜனங்கள் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாடாளுமன்றம் ரூஸ்வெல்ட்டின் பேச்சைக் கேட்கவில்லை. 1908 மே மாதமே சட்டம் போட்டு வாசகத்தைத் திரும்ப ஏற்றியது.

காகித நோட்டுக்கு அது வந்தது இன்னும் தாமதமாக. 1953இல் மேத்யூ ரோதர்ட் என்ற அர்கன்சாஸ்காரர், நாணயம் சேர்ப்பவர், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போது ஒன்றைக் கவனித்தார். தட்டில் விழும் காசில் கடவுளின் பெயர் இருக்கிறது, நோட்டில் இல்லை. அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். புளோரிடா உறுப்பினர் சார்லஸ் பென்னெட் மசோதா கொண்டுவந்தார். 1955 ஜூலையில் ஐசனோவர் கையெழுத்திட்டார். 1956இல் அதுவே நாட்டின் அதிகாரபூர்வ முழக்கம். 1957 அக்டோபரில் ஒரு டாலர் நோட்டில் வந்துவிட்டது. இது ஒரு தனிமனிதர் முயற்சி போலத் தெரிந்தாலும், சோவியத் யூனியனோடு பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கடவுளை மறுப்பவர்கள், நாம் அப்படியல்ல என்று காட்ட மலிவான வழி, எல்லோர் பர்ஸிலும் இருக்கிற காகிதம். பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்று 1954இல் நுழைத்ததும் இதே பயத்தில்தான். 1864இல் உள்ளே பகை, 1955இல் வெளியே பகை.

அப்புறம் வழக்குகள். 1970இல் அரோனோ என்பவர் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வாசகத்துக்கும் மதத்தை நிலைநாட்டுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இது வெறும் தேசபக்திச் சடங்கு என்றது. 1984இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி பிரென்னன், திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி இத்தகைய வாசகங்களில் மத அர்த்தம் தேய்ந்துபோய்விட்டது என்ற கருத்தில் எழுதினார். அடுத்தடுத்து வந்த வழக்குகளும் தோற்றன. நாத்திகர்கள் தோற்றதைவிட, எந்த வாதத்தில் தோற்றார்கள் என்பதைத்தான் பக்தர்கள் கவனிக்க வேண்டும். கடவுள் நோட்டிலேயே இருக்கலாம், ஏனென்றால் அங்கே அவருக்கு அர்த்தம் இல்லை. இப்படி ஒரு தீர்ப்பை வைத்துக்கொண்டு எந்த ஆத்திகர் சந்தோஷப்படுவார் என்று எனக்குத் தெரியவில்லை. ரூஸ்வெல்ட் சொன்ன பயம் வேறு ஒன்றுமில்லை, இதுதான்.

மற்ற நாடுகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். நெதர்லாந்தின் 2 யூரோ காசின் விளிம்பில் 'கடவுள் நம்மோடு இருப்பாராக' என்று பொறித்திருக்கும். யூரோவுக்கு முன்பு அங்கே புழங்கிய கில்டர் காலத்துப் பழக்கம். பிரேசில் நோட்டுகளில் 'கடவுளுக்குப் புகழ்' என்று 1980களில், பணவீக்கம் தலைகால் தெரியாமல் ஓடிய காலத்தில் சேர்த்தார்கள். பாகிஸ்தான் நோட்டின் பின்பக்கம், நேர்மையாகச் சம்பாதிப்பதே வழிபாடு என்ற பொருளில் உருது வாசகம் இருக்கும். இதுதான் எனக்குப் பிடித்தது. பணத்தின் மதிப்பைப் பற்றிப் பேசாமல் அதை வைத்திருப்பவரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறது.

இனி நம் நோட்டு. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில் முகவுரை விவாதம். 'கடவுளின் பெயரால்' என்று தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரைச் சேர்ந்த பட்டம் தாணுப் பிள்ளை எழுந்து, நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன்தான், ஆனால் இது நம்பிக்கையைக் கட்டாயமாக்குகிறது என்று எதிர்த்தார். 'தேவியின் பெயரால்' என்று ஏன் இருக்கக் கூடாது என்றும் ஒரு குரல் வந்தது. வாக்கெடுப்பில் ஆதரவு 41, எதிர்ப்பு 68. கடவுள் தோற்றார் என்று அதைச் சொல்ல முடியாது. சபையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு வந்தவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அரசியல் சட்டத்தின் பதவிப் பிரமாணத்தில் மட்டும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். விரும்பினால் ஆண்டவன் பெயரால், இல்லையென்றால் உறுதி கூறி. தமிழ்நாட்டில் இதை விளக்கவே வேண்டாம். ஆளுநர் முன் நின்று 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று சொல்லும் குரல் நமக்குப் பழக்கம். அந்தத் தேர்வை மனிதருக்குக் கொடுக்கலாம், நோட்டுக்குக் கொடுக்க முடியாது. ஒரே நோட்டைப் பழனியில் பஞ்சாமிர்தக் கடைக்காரரும் வாங்க வேண்டும், செண்பகனூர் சேசு சபைத் துறவியும் வாங்க வேண்டும், பெரியார் சிலைக்கு மாலை வாங்குகிறவரும் கொடுக்க வேண்டும். பணத்தை மறுக்கிற சுதந்திரம் யாருக்கும் இல்லை. அதனால்தான் கட்டடத்தில் இருக்கும் வாசகத்தைவிட நோட்டில் இருக்கும் வாசகம் கனமானது.

நம் நோட்டில் கடவுளின் இடத்தில் இருப்பது ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. இத்தனை ரூபாய் தருவதாக நான் உறுதி கூறுகிறேன் என்று, அமெரிக்க நோட்டைப் போல 'நாம்' என்று சொல்லாமல், ஒரு மனிதர் தன் பெயரில் சொல்கிறார். மத்திய அரசின் உத்தரவாதம் என்றும் சேர்த்து அச்சிட்டிருக்கும். ஒரு ரூபாய் நோட்டில் இந்த வாக்குறுதி இருக்காது. அதை வெளியிடுவது நேரடியாக மத்திய அரசு, கையெழுத்து நிதிச் செயலாளருடையது. சிங்கத் தலைகளும் அவற்றுக்குக் கீழே 'வாய்மையே வெல்லும்' என்ற முண்டக உபநிடதத்து வாசகமும் எல்லா நோட்டிலும் உண்டு. உபநிடதம் மத நூல்தான், ஆனால் வாசகம் எந்தத் தெய்வத்தையும் அழைக்கவில்லை. வாக்குறுதி மட்டும் என்ன கிழித்தது என்று கேட்டால் கேட்கலாம். 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாததாயிற்று. ஆனால் அன்று யாரைக் கேள்வி கேட்பது என்பது தெளிவாக இருந்தது. நோட்டில் கையெழுத்து இருந்ததே.

காசு விஷயத்தில் நம் அரசு இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 2005 வாக்கில் வந்த 2 ரூபாய்க் காசில் நான்கு கைகளாகக் கோடுகளும் நான்கு புள்ளிகளும் இருந்தன. வேற்றுமையில் ஒற்றுமை என்றார்கள். சிலுவை என்று எதிர்ப்பு வந்தது. 2007இல் நாட்டிய முத்திரை விரல்களுக்கு மாறியது. நினைவு நாணயங்களில் 2009இல் புனித அல்போன்சா, 2010இல் தஞ்சைப் பெரிய கோயில், 2012இல் வைஷ்ணோ தேவி. மதச் சின்னம் தாங்கிய காசுகளைத் திரும்பப் பெறக் கோரிய வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. 2025 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ். நூற்றாண்டுக்கு வந்த 100 ரூபாய் நினைவு நாணயத்தில் பாரத மாதா உருவமும், 'இது தேசத்துக்கே, எனக்கல்ல' என்ற பொருளில் வேள்வி மந்திர பாணியில் ஒரு சமஸ்கிருத வரியும் உண்டு. நினைவு நாணயம் யார் கைக்கும் கட்டாயமாக வருவதில்லை என்பதால் இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, 5 ரூபாய்க் காசாகப் புழக்கத்துக்கு வந்தவற்றைத் தவிர.

2022 அக்டோபரில் டாலருக்கு 83 ரூபாய் என்று ரூபாய் சரிந்த அடுத்த வாரமே, லட்சுமி, விநாயகர் படங்களை நோட்டில் போட வேண்டும் என்று அரவிந்த் கேஜ்ரிவால் கேட்டார். பொருளாதாரம் தேற ஆசியும் வேண்டும் என்றார். இந்தோனேசியாவை உதாரணம் காட்டினார். அங்கே 1998இல் வந்த 20,000 ரூபியா நோட்டில் விநாயகர் இருந்தது உண்மை. அந்த 1998 இந்தோனேசியப் பணம் அதலபாதாளத்துக்குப் போன வருடம் என்பதை அவர் சொல்லவில்லை. சேஸ் எழுதிய கடிதத்தில் இருந்த அதே கணக்கு, 160 வருடம் கழித்து டெல்லியில்.

சரி, நாமே எழுதிக்கொண்டால்? இங்கே கடை பில்லில் 'பழனி ஆண்டவர் துணை' இல்லாமல் கணக்கு ஆரம்பிக்காது. முஸ்லிம்கள் புனிதமாகக் கருதும் 786 என்று முடியும் வரிசை எண் உள்ள நோட்டைச் செலவழிக்காமல் பத்திரப்படுத்துகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். நோட்டின் வெள்ளைப் பகுதியில் பால்பாயின்ட் பேனாவால் 'முருகன் துணை' என்றோ, 'ஏசு இரட்சிப்பார்' என்றோ எழுதியதும் கைக்கு வந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் 2009 நோட்டு மாற்று விதிகள் இதில் கண்டிப்பானவை. அரசியல் அல்லது மதக் கருத்தைச் சொல்லும் எழுத்தோ படமோ வெளியிலிருந்து சேர்க்கப்பட்ட நோட்டை மாற்றிக் கேட்டால், கோரிக்கையை நிராகரிக்கலாம். லட்சுமி படத்தை அரசு அச்சடித்தால் அது பணம், அதே லட்சுமியை நீங்கள் ரப்பர் ஸ்டாம்ப்பில் குத்தினால் அது வெறும் காகிதம். கல்லாவில் உட்காருகிறவர்கள் அப்படி எழுதிய நோட்டு வந்தால் சண்டை போடாமல் வாங்கி, அடுத்த ஆளுக்கு மீதிச் சில்லறையாகத் தள்ளிவிடுகிறார்கள். வங்கிக்குக் கொண்டுபோவதில்லை.